அடுத்த கண்காட்சி அஸ்திவாரக் குழியில்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு, "நம் அருங்காட்சியகங்களில் வரவிருக்கும் கண்காட்சிகள்". "சிவில் இன்ஜினீயருக்கும் சிலைக்கும் என்னப்பா சம்பந்தம்? தமிழ்த் துறையிலே யாரையாவது பேசச் சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன். "நீ மண்ணைத் தோண்டுகிற ஆள்தானே, பேசு" என்றார்கள். யோசித்துப் பார்த்தால் அவர்கள் சொன்னதுதான் சரி. எந்தத் தேதியில் எந்த ஊரில் என்ன கண்காட்சி என்று பட்டியல் வாசிக்க நான் வரவில்லை. அந்தக் கண்காட்சிகளுக்கான பொருட்கள் எங்கிருந்து வரப்போகின்றன என்று சொல்ல வந்திருக்கிறேன். அவற்றில் பல இன்னும் பூமிக்குள்ளே இருக்கின்றன. அவை வெளியே வரும் நாளில் பக்கத்தில் நிற்கப்போவது புலவரோ ஆராய்ச்சியாளரோ அல்ல. நம்மைப் போன்ற ஒரு சைட் இன்ஜினீயரும், ஒரு மேஸ்திரியும், ஒரு ஜேசிபி டிரைவரும்தான்.

இது கற்பனை இல்லை. தஞ்சாவூர் அரண்மனைக்குள் 1951இல் தொடங்கிய கலைக்கூடம் இருக்கிறது. பலர் போயிருப்பீர்கள். போகாதவர்கள் இந்த லீவிலேயே போய்விடுங்கள். அங்கே ரிஷபவாகன தேவர் என்றொரு செப்புத் திருமேனி. ஏறத்தாழ மூன்றரை அடி உயரம். தலைமுடியைத் தலைப்பாகை போலச் சுற்றிக்கொண்டு, காளையின் மேல் கையைச் சாய்த்து நிற்கும் சிவபெருமான். காளை இப்போது இல்லை. ஆனால் அந்தக் கை நிற்கிற நிலையைப் பார்த்தால் பக்கத்தில் காளை நிற்பது போலவே தோன்றும். திருவெண்காட்டுக் கல்வெட்டின்படி அது 1011ஆம் ஆண்டு, ராஜராஜ சோழன் காலத்தது. பக்கத்தில் நிற்கும் அம்மன் அடுத்த ஆண்டு, 1012. இவை எந்தக் கோயில் கருவறையிலிருந்தும் நேராகக் கலைக்கூடத்துக்கு வந்தவை அல்ல. 1950களின் தொடக்கத்தில் திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து எடுத்தவை. அதே ஊரில் கிடைத்த அர்த்தநாரீசுவரர் இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார்.

ஏன் புதைத்தார்கள்? படையெடுப்புக் காலங்களில் ஊர்க்காரர்கள் சாமியைக் காப்பாற்ற மண்ணில் மறைத்தார்கள். மறைத்தவர்கள் திரும்பி வரவில்லை, அல்லது இடம் சொல்லாமலே காலமானார்கள். இப்படி எத்தனை ஊர், எத்தனை குழி என்று யாரும் கணக்கு எழுதி வைக்கவில்லை.

அண்மைக்கு வருவோம். 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் கும்பாபிஷேகத்துக்கு யாகசாலை அமைக்க மண் எடுத்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் சிலைகள் வந்தன. கூடவே தேவாரம் பொறித்த நூற்றுக்கணக்கான செப்பேடுகள். 1987இல் எசாலத்தில் கோயில் திருப்பணி நடந்தபோது ராஜேந்திர சோழனின் செப்பேடுகளும் திருமேனிகளும் கிடைத்தன. இரண்டிலும் அகழாய்வுத் திட்டம் எதுவும் கிடையாது. வேறு வேலைக்காகத் தோண்டிய மண்தான்.

நல்ல களிம்பும் கெட்ட களிம்பும்

மண்ணுக்குள்ளே ஐந்நூறு, அறுநூறு வருஷம் தாங்கிய சிலைக்கு வெளியே வந்த பிறகு என்ன ஆபத்து என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

சைவ சித்தாந்தத்தில் ஆணவத்துக்குச் சொல்லும் உவமை, செம்பில் களிம்பு. வெளியிலிருந்து ஒட்டியது அல்ல, செம்போடு கூடவே இருப்பது என்பார்கள். வேதியியல்காரர்கள் இந்தக் களிம்பை இரண்டாகப் பிரிக்கிறார்கள். டாக்டர்கள் நல்ல கொலஸ்ட்ரால், கெட்ட கொலஸ்ட்ரால் என்கிறார்களே, அந்த மாதிரி. ஒன்று, கெட்டியாக, வழவழப்பாகப் படியும் பச்சை அல்லது பழுப்புப் படலம். அது சிலைக்குச் சட்டை மாதிரி. அதைத் தொடக்கூடாது.

இன்னொன்று உப்பினால் வருவது. மண்ணிலுள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து குப்ரஸ் குளோரைடாக உலோகத்தை ஒட்டிப் படிந்திருக்கும். காற்று அதிகம் புகாத பூமிக்குள் பெரும்பாலும் அது சும்மா கிடக்கும். வெளியே எடுத்ததும் ஈரமும் ஆக்சிஜனும் படுகின்றன. உடனே வெளிர் பச்சைப் பொடி கிளம்புகிறது. கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகிறது. அந்த அமிலம் புதிதாகச் செம்பைத் தின்று மீண்டும் குளோரைடாகிறது. மறுபடி ஈரம், மறுபடி பொடி, மறுபடி அமிலம். உலோகம் இருக்கும்வரை இந்தச் சக்கரம் நிற்காது. இதற்கு வெண்கல நோய் என்றே பெயர். காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நோய் பெரும்பாலும் தூங்கும். நம் கடலோர ஊர்களில் 70, 80 சதவீதம் என்பது சர்வ சாதாரணம். அதாவது, ஆயிரம் வருஷத்துச் சிலையின் ஆயுள் அது வெளியே வந்த முதல் சில வாரங்களில் நாம் செய்கிற காரியத்தைப் பொறுத்து இருக்கிறது.

இந்த நோய்க்கு வைத்தியம் பார்க்க நம் சென்னையிலேயே வெகு காலம் முன்பு வழி பிறந்துவிட்டது என்பது நமக்குப் பெருமை. எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. அங்கே 1930இல் பாதுகாப்புக்கென்று ஒரு வேதியியல் சோதனைக்கூடம் ஏற்பட்டது. அதன் முதல் வேதியியலர் எஸ். பரமசிவன். சிலையைக் காஸ்டிக் சோடா கரைசலில் கேத்தோடாகத் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தி, குளோரைடை வெளியே இழுத்தார்கள். நாம் லேபில் காப்பர் சல்பேட்டை வைத்துச் செய்தோமே, அதே மின்பகுப்புத்தான். பின்னாளில் உலகெங்கும் இதைவிட மென்மையான முறைகள் வந்தன. சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசலில் மாதக்கணக்கில் ஊறவைத்தல், 1960களின் இறுதியிலிருந்து பென்சோடிரையசோல் என்ற ரசாயனக் காப்பு என்று பல. சிலையின் நிலைமையைப் பார்த்து எது பொருந்தும் என்று முடிவு செய்ய வேண்டியவர் அந்தத் துறை நிபுணர். நாமல்ல.

நாம் செய்யக்கூடாதவை

ஆனால் சைட்டில் நடப்பது என்ன? முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். அடுத்து, யாராவது ஒரு புண்ணியவான் வீட்டுக்கு ஓடிப்போய்ப் புளி கொண்டுவருவார். குத்துவிளக்குத் தேய்க்கிற மாதிரி தேய்த்துப் பளபளப்பாக்கி, மாலை போட்டுச் சூடம் காட்டுவார்கள். பக்தியில் குறை சொல்ல முடியாது. ஆனால் புளியின் அமிலம் நல்ல களிம்பைக் கரைத்துவிடுகிறது. சிற்பி உளியால் செதுக்கிய ஆடை மடிப்பையும் அணிகலனையும் மழுக்குகிறது. உள்ளே இருக்கிற உப்போ அப்படியே இருக்கிறது. ஈரத்தையும் கூடக் கொடுத்தாயிற்று. கேட்க வேண்டுமா?

இன்னொரு கூட்டம் தங்கம் இருக்கிறதா என்று அரத்தால் உரசிப் பார்க்கும். ஐம்பொன் என்று பேர் இருப்பதால் வரும் வினை இது. பழைய திருமேனிகளைப் பகுத்துப் பார்த்தவர்கள் கண்டது, பெரும்பகுதி செம்பு, கொஞ்சம் வெள்ளீயம், காரீயம். தங்கமும் வெள்ளியும் இருந்தால் அணு அளவு. அரத்தால் கிடைக்கப்போவது செப்புத் தூள். போவது ஒரு நாட்டின் சொத்து.

ஒட்டியிருக்கும் மண்ணைக்கூடத் தட்டக்கூடாது. காரணம் சொல்கிறேன். 1976இல் தஞ்சை மாவட்டம் பத்தூரில் ஒரு தொழிலாளி மண் வெட்டும்போது நடராஜர் கிடைத்தார். கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். அங்கே வழக்கு. 1988இல் தீர்ப்பு நம் பக்கம், 1991இல் மேல்முறையீட்டிலும் நம் பக்கம், அந்த ஆண்டே நடராஜர் ஊர் திரும்பினார். "இந்தச் சிலை பத்தூரிலிருந்துதான் வந்தது" என்று எப்படி நிரூபித்தார்கள்? சிற்ப அமைப்பு மட்டுமல்ல, உலோகம், ஒட்டியிருந்த மண், கறையான் தடம்வரை நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். நாம் அழுக்கு என்று தேய்த்துப் போடுவது ஒருநாள் கோர்ட்டில் பத்திரமாக நிற்கலாம்.

சிலை கிடைத்தால் கோயிலுக்கா, மியூசியத்துக்கா என்று ஊரில் ஒரு தகராறு வரும். சீர்காழியிலும் அந்தப் பேச்சு எழுந்தது. சாமி கோயிலில் இருக்க வேண்டும் என்று ஊர்க்காரர்கள் நினைப்பதில் நியாயம் உண்டு. நான் அதில் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். உப்புக்கு அது கோயிலா மியூசியமா என்று தெரியாது. எங்கே வைத்தாலும் வைத்தியம் முதலில்.

செய்ய வேண்டியவை

மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்கு வராது, வாழ்க்கையில் வரலாம்.

ஒன்று: குழியில் உலோகமோ, எழுத்துள்ள கல்லோ தட்டுப்பட்டால் மிஷினை நிறுத்துங்கள். ஒன்று கிடைத்த இடத்தில் கூட்டமாகக் கிடைப்பது வழக்கம். அடுத்த வாளி விழுந்தால் கை உடையும், தலை போகும்.

இரண்டு: கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், உரசாதீர்கள். அப்படியே போட்டோ எடுங்கள். எத்தனை அடி ஆழம், எந்த மண், எந்தத் திசையில் கிடந்தது என்று எழுதுங்கள். லெவல் எடுக்கத் தெரிந்த நமக்கு இது ஐந்து நிமிஷ வேலை.

மூன்று: கிராம நிர்வாக அலுவலருக்கோ தாசில்தாருக்கோ உடனே சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் சிறைவரை போகும். ஒழுங்காகச் சொன்னவருக்குச் சட்டத்தில் பங்கும் உண்டு. மேஸ்திரிக்கும் கூலியாட்களுக்கும் இதை வேலை தொடங்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். "வேலை நின்றுபோகும், கூலி போகும்" என்ற பயத்தில்தான் பல பொருள்கள் இரவோடு இரவாகக் காணாமல் போகின்றன. நிற்கிற நாளுக்குக் கூலி உண்டு என்று நீங்கள் வாக்குக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சிவில் மட்டும் அல்ல. மற்ற பிரிவுக்காரர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. சாரதா சீனிவாசன் மும்பை ஐ.ஐ.டி.யில் இன்ஜினீயரிங் பிசிக்ஸ் படித்தவர். தென்னிந்தியச் செப்புத் திருமேனிகள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றின் காரீய ஐசோடோப்பை ஆராய்ந்து, அவற்றின் காலத்தைக் கணிக்க வழி காட்டினார். 2019இல் பத்மஸ்ரீ பெற்றார். அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்து மாவட்ட அருங்காட்சியகத்துக்குப் போய், அனுமதி கேட்டு, ஒரு வருஷம் கண்ணாடிப் பெட்டிக்குள் ஈரப்பதம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று அளந்து கொடுங்கள். குறைந்த செலவில் அதை 40க்குக் கீழே வைக்க ஒரு வழி சொல்லுங்கள். அதைவிட உருப்படியான இறுதியாண்டு புராஜெக்ட் எனக்குத் தோன்றவில்லை. பேராசிரியர்கள் இங்கேயே இருக்கிறார்கள், நாளைக்கே கேட்டுவிடலாம். சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம்: அதற்கான கருவிச் செலவை நம் சங்கம் ஏற்றுக்கொள்ள வேண்டும். முதல் தொகையை நான் இன்றே பொருளாளரிடம் கொடுக்கிறேன்.

பிரெஞ்சுச் சிற்பி ரோடன் சென்னைக்கு வந்ததே இல்லை. எழும்பூர் நடராஜரின் புகைப்படங்களைப் பார்த்தே 1913இல் உருகி உருகி எழுதினார். நமக்கோ நேரில் பார்க்கப் பஸ் கட்டணம் போதும். அதற்கும் மேலாக, இன்னும் யாரும் பார்க்காத ஒன்றை முதலில் பார்க்கும் பாக்கியம் நம் தொழிலில் யாருக்கு வேண்டுமானாலும் வாய்க்கலாம். வாய்க்கும்போது கையில் புளி இல்லாமல் இருந்தால் போதும்.