ஒலிநாடாக்களிலிருந்து கணினிக்கு: குரல்களைச் சுருக்கலும் காத்தலும்

(சங்கத்தின் நூற்றாண்டுக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு மலருக்குப் பழைய படங்கள் கேட்டோம். படங்களோடு சில வீடுகளிலிருந்து கசற்றுகளும் வந்தன. பரிசளிப்பு விழாப் பேச்சு, கலைவிழா நாடகம், வாணி விழாப் பண்ணிசை எனப் பல. அவற்றை எப்படிக் காப்பது என்பதே இன்று எனக்குத் தரப்பட்ட பொருள்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் அறிமுகப்படுத்திய இந்தச் சிறு பெட்டி எங்கள் ஊரில் பாட்டுக் கேட்க மட்டும் பயன்படவில்லை. வெளிநாடு போன பிள்ளைக்குக் கடிதத்திற்குப் பதிலாகத் தாயின் பேச்சைச் சுமந்து சென்றது. 1990 களில் மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. அப்போது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலியும் கசற்றும் கேட்ட தலைமுறை இந்த மண்டபத்திலேயே இருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது கசற்றுகளைப் பற்றி யார் நினைத்திருப்பார்கள்? அன்று வீடுகளில் விட்டுச் சென்ற குரல்கள் பல திரும்பக் கிடைக்கவில்லை. எஞ்சியவற்றையும் பூஞ்சணம் தின்கிறது.

வேலை இரண்டு கட்டமானது. முதலாவது, கசற் பிளேயரைக் கணினியோடு வயரால் இணைத்து ஒலியைப் பதிதல். இதில் குறுக்குவழி இல்லை. ஒரு மணி நேரக் கசற்றுக்கு ஒரு மணி நேரம் வேண்டும். அப்படிப் பதிந்ததைச் சுருக்காத 'வேவ்' கோப்பாகவே வைக்க வேண்டும். இறுவட்டின் தரத்தில் பதிந்தால் ஒரு மணி நேர ஒலி ஏறக்குறைய 635 மெகாபைற் இடம் பிடிக்கும். நூறு கசற்றுக்கு 63 கிகாபைற்றுக்கு மேல்.

இரண்டாவது கட்டம் சுருக்குதல். எல்லோருக்கும் தெரிந்த எம்பி3 முறை ஜேர்மனியின் பிரோன்ஹோபர் நிறுவன ஆய்வாளர்களின் உழைப்பில் உருவானது. நாங்கள் இடம்பெயர்ந்த அதே 1995 இல்தான் அதற்கு அந்தப் பெயரும் நிலைத்தது. அதன் சூட்சுமம் எளியது. தவிலில் ஓங்கி ஓர் அடி விழும் கணத்தில் பக்கத்தில் ஒருவர் மெல்ல இருமினால் காதுக்குக் கேட்காது. இப்படிக் காது தவறவிடும் ஒலிகளை அது கழித்துவிடுகிறது. விநாடிக்கு 128 கிலோபிற் அளவில் மாற்றினால் 635 மெகாபைற் 58 ஆகக் குறையும். நூறு கசற்றும் ஆறு கிகாபைற்றுக்குள் அடங்கும்.

நூறு கோப்பையும் ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றத் தேவையில்லை. 'ஓடாசிற்றி', 'ஃபூபார்2000' போன்ற இலவச மென்பொருள்களில் எல்லாவற்றையும் ஒன்றாகத் தெரிவு செய்து, ஒரே கட்டளையில் மொத்தமாக மாற்றலாம். இரவு தொடக்கிவிட்டுப் படுக்கலாம்.

ஆனால் மொத்தமாகச் செய்யும்போது பிழையும் மொத்தமாகவே விளையும். ஆகவே நான்கு விடயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, முதலில் ஒரே ஒரு கோப்பை மாற்றி முழுவதும் கேட்டுப் பாருங்கள். சரியென்றால் மிகுதியை விடுங்கள்.

இரண்டு, மாற்றியவை வேறொரு கோப்புறைக்குப் போகட்டும். 'பக்கம் 1' என்ற ஒரே பெயரில் பல கோப்புகள் இருந்தால் ஒன்றின் மேல் மற்றொன்று எழுதப்பட்டு அழிந்துவிடக்கூடும். ஆண்டு, நிகழ்ச்சி, பக்கம் என்ற ஒழுங்கில் முன்னரே பெயரிடுங்கள்.

மூன்று, இரைச்சலை நீக்கும் வசதியை மொத்தமாகப் பிரயோகிக்க வேண்டாம். மாறாமல் ஒலிப்பதை அது இரைச்சலென்று எண்ணக்கூடும். தம்புராவின் சுருதியும் நாதஸ்வரத்தின் ஒத்தும் மாறாமல் ஒலிப்பவைதானே!

நான்கு, எம்பி3 ஆக்கியபின் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். கழித்த ஒலி திரும்பி வராது. எம்பி3 ஐ மறுபடி மறுபடி மாற்றினால் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் போகும். இடம் போதாதென்றால் 'ஃபிளாக்' முறையை நாடலாம். அது ஒலியில் எதையும் இழக்காமல் பெரும்பாலும் பாதியளவாக்கித் தரும்.

அப்படியானால் எம்பி3 எதற்கு? பரப்புவதற்கு. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவை நிரந்தரமாகவே போயின. ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பது எவ்வளவு ஆபத்தென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 635 மெகாபைற்றை ரொறன்ரோவுக்கு அனுப்ப எவருக்கும் பொறுமை இராது. சுருக்கிய கோப்பு கைத்தொலைபேசியிலேயே போய்ச் சேரும். பத்து நாடுகளில் பத்துப் பேரிடம் இருப்பதை ஒரு தீ அழிக்காது. மூலக் கோப்புகளை இரண்டு வன்தட்டுகளில் பதிந்து, ஒன்றைக் கல்லூரியிலும் மற்றதை வேறோர் ஊரிலும் வைப்போம். 2005 இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகமும் எழுத்தாவணங்களோடு ஒலி ஆவணங்களையும் சேர்க்கிறது. அவர்களிடமும் ஒரு பிரதியைக் கையளிக்கலாம்.

புலம்பெயர்ந்த கிளைச் சங்கச் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். இங்கே தொலைந்தவற்றின் பிரதிகள் உங்கள் வீட்டு அலுமாரிகளில் இருக்கக்கூடும். அம்மா பேசி அனுப்பிய கசற்றின் மறுபக்கத்தில் எங்கள் கலைவிழா இருக்கக்கூடும். எறியுமுன் ஒருமுறை கேளுங்கள்.

நிறைவாக, இங்கிருக்கும் மூத்த அக்காமாரிடம் ஒன்று கேட்கிறேன். கணினி நூறு கோப்பை ஓர் இரவில் மாற்றிவிடும். ஆனால் அதில் பாடுவது யார், பேசுவது எந்த ஆசிரியை, மேடையில் சிரித்தது எந்த வகுப்புப் பிள்ளை என்று அதற்குத் தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியும். பெயர் தெரியாத குரல் அடுத்த தலைமுறைக்கு வெறும் சத்தம். உங்கள் பேரப்பிள்ளை கணினியின் முன் இருக்கட்டும். நீங்கள் அருகில் கதிரையைப் போட்டு இருந்து கேட்டு, பெயர்களைச் சொல்லுங்கள். அவர்கள் எழுதிக்கொள்ளட்டும். நீங்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும். இந்த மாதமே தொடங்குவோம்.