குளிரில் ஒதுங்கும் மீன்

பின்பனிக் காலத்தில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் கரையில் தூண்டில் போடுகிறவர்களுக்குச் சில நாள் மீன் அள்ளிக்கொண்டு வரும். அதை வைத்து மீன் பெருகிவிட்டது என்று முடிவுகட்டுவது தவறு. அங்குள்ள லகுனா மாத்ரே கடற்கழியின் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். வாடைக்காற்று அடித்தால் அந்தத் தண்ணீர் ஓரிரு நாளில் சில்லிட்டுவிடும்; வெளிக்கடல் அப்படிச் சட்டென்று குளிராது. அதனால் கழியில் வாழும் ட்ரவுட் மீன்கள் கப்பல் கால்வாய்களிலும் ஆழமான பள்ளங்களிலும் வந்து நெருக்கியடித்து ஒதுங்குகின்றன. அங்கே தூண்டிலை இறக்கினால் சிக்காமல் என்ன செய்யும்?

இப்படி ஒதுங்கிய மீனைப் பிடிக்கத் தடை வேண்டும் என்றால், எப்படியும் குளிரில் சாகிற மீனைப் பிடித்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். 2021 பிப்ரவரிக் கடுங்குளிரில் டெக்ஸாஸ் கரையில் குறைந்தது 38 லட்சம் மீன்கள் செத்தது உண்மைதான். ஆனால் ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்த மீனுக்குத்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். வசந்தத்தில் முட்டையிட வேண்டியதும் அதுதான். தடை போட்டால் தொழில் கெடும் என்பது இன்னொரு வாதம். உறைகுளிர் நாட்களில் குறிப்பிட்ட சில ஆழப் பகுதிகளில் மட்டுமே அங்கே தடை. தண்ணீர் சூடேறியதும் விலக்கிவிடுகிறார்கள். அந்தச் சில நாள் பொறுக்கத்தான் வேண்டும். மீன் குறைந்துபோனால் கட்டுப்பாடு கூடத்தான் செய்யும்: 2021 இழப்புக்குப் பிறகு லகுனா மாத்ரேயில் ஒருவர் ஒரு நாளில் எடுக்கும் ட்ரவுட்டை 5இலிருந்து 3ஆகக் குறைக்க நேர்ந்தது.