ஜாவா வண்டிக்கு ஏற்ற ஸ்பார்க் பிளக்



மைசூர் யாதவகிரியில் 1960-ஆம் ஆண்டில் தோன்றிய ஐடியல் ஜாவா கம்பெனியை அறியாத மோட்டார் சைக்கிள் பிரியர் தென்னாட்டில் அரியர். செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா வண்டியை நம் நாட்டிலேயே செய்து, 1973 முதல் யெஸ்டி என்ற பெயரில் தொடர்ந்து அளித்து வந்த அந்த ஆலை 1996-இல் மூடப்பட்டது. ஆலை போயிற்றே தவிர வண்டிகள் போகவில்லை. ஆண்டுதோறும் ஜூலை மாதத்து இரண்டாம் ஞாயிறன்று அவற்றைத் துடைத்து மெருகிட்டு ஊர்வலமாக ஓட்டி மகிழ்வோர் இன்றும் உண்டு. 2018-இல் ஜாவா என்ற பெயரில் மறுபடி வந்த வண்டி நான்கு வீச்சு யந்திரம் கொண்டது. அதன் முறை வேறு. நான் சொல்லப் போவது பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றும் பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டியைப் பற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படிப்பட்ட பழைய ஜாவா ஒன்றை வாங்கினேன். நகரத்து நெரிசலில் மெல்ல ஓட்டும்போதெல்லாம் பிளக்கில் எண்ணெய்ப் பசை படிந்து வண்டி நின்றுவிடும். பழுது பார்த்தவர் ஒருவர், “இதற்குச் சூட்டுப் பிளக் போட்டால் சரியாகிவிடும்” என்று வேறொன்றை மாட்டித் தந்தார். சரியாகத்தான் ஆயிற்று. ஒரே உதையில் கிளம்பியது. அந்த நம்பிக்கையில் சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதை வழியாக மைசூருக்குப் புறப்பட்டேன். மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறுமுன் யந்திரத்திலிருந்து சலங்கை குலுங்குவது போல் மெல்லிய ஓசை எழுந்தது. அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டினேன். அடுத்த வளைவில் பின்சக்கரம் திடீரெனப் பூட்டிக்கொண்டது. பின்னால் ஒரு லாரி ஏறி வந்துகொண்டிருந்தது. கிளட்சை அழுத்திச் சுவரோரமாக ஒதுங்கியதால் இன்று உங்களோடு பேசுகிறேன். பிறகு சிலிண்டர் தலையைக் கழற்றிப் பார்த்தால், பிஸ்டனின் உச்சியில் அலுமினியம் உருகி ஓரத்தில் இழுபட்டிருந்தது.

நடந்தது என்ன? பிளக்கில் சூடு, குளிர் என்று சொல்வது தீப்பொறியின் வலிமையைக் குறிப்பதன்று. அநேகர் இங்கேதான் தவறுகிறார்கள். பிளக்கின் மூக்கிலுள்ள வெள்ளைப் பீங்கான், தான் பெறும் உஷ்ணத்தை எவ்வளவு விரைவில் சிலிண்டர் தலைக்குக் கடத்திவிடுகிறது என்பதே அதன் பொருள். பீங்கான் மூக்கு நீளமாயிருந்தால் உஷ்ணம் மெதுவாக வெளியேறும். அது சூட்டுப் பிளக். குட்டையாயிருந்தால் விரைவில் வெளியேறும். அது குளிர்ப் பிளக். மூக்கு ஏறத்தாழ 500 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இருந்தால் கரியும் எண்ணெயும் எரியாமல் படியும். சுமார் 850 டிகிரியைத் தாண்டினால் பீங்கானே தணலாகி, தீப்பொறி வருமுன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். டூ-ஸ்ட்ரோக் யந்திரத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. நிமிஷத்திற்கு 4000 சுற்று ஓடினால் 4000 வெடிப்பு. பிளக்குக்கு மூச்சு விட நேரமில்லை.

என் வண்டியின் உண்மையான நோய் வேறு. 20 முதல் 25 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்று அளந்து ஊற்ற வேண்டியதை நான் கண்ணளவாக ஊற்றி வந்தேன். கார்புரேட்டர் ஊசியும் ஒரு படி உயர்ந்திருந்தது. சூட்டுப் பிளக் அவ்விரண்டையும் தீர்க்காமல் மறைத்து வைத்தது.

பிளக்கின் எண்ணைப் பார்த்து வாங்கலாமே என்பீர்கள். அங்கும் ஒரு சங்கடம் உண்டு. பெங்களூர் மைக்கோ கம்பெனியின் பழைய பிளக்குகளில் 175-ஐவிட 225 என்பது குளிர்ந்தது. எண் கூடக் கூடக் குளிர்ச்சி. பின்னாளில் வந்த பாஷ் குறியீட்டில் எண் குறையக் குறையக் குளிர்ச்சி. என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடினால் குளிர்ச்சி. சாம்பியனில் கூடினால் சூடு. தாத்தாவின் குறிப்புப் புத்தகத்தில் உள்ள எண்ணை மட்டும் சொல்லி வேறு கம்பெனிப் பிளக் வாங்கினால் விபரீதம்தான். அந்தந்தக் கம்பெனியின் ஒப்பீட்டு அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். மரையின் விட்டம் 14 மில்லிமீட்டர். மரை நீளம் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். நீள மரைப் பிளக்கைத் திணித்தால் அது எரிஅறைக்குள் நீண்டு பிஸ்டனில் இடிக்கக் கூடும்.

இனி இடைவெளி. ஜாவாவுக்கு இரு மின்முனைகளுக்கும் நடுவே ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர் போதும். இக்கால வண்டிகளின் வலிய மின்சுருள்கள் இதைவிட அகன்ற இடைவெளியையும் தாண்டும். நம் பழைய வண்டிக்கோ 6 வோல்ட் பேட்டரிதான் ஆதாரம். பிளக்கைச் சிலிண்டர் தலைமேல் சாய்த்து வைத்து உதைத்துப் பார்த்து, “நீலப் பொறி வருகிறதே” என்று திருப்தியடைவது வழக்கம். வெளிக்காற்றில் தாண்டும் பொறி, உள்ளே அமுங்கிய கலவையில் தாண்டும் என்பதற்கு உறுதியில்லை. அழுத்தம் கூடக் கூட மின்சாரத்துக்குத் தடை கூடும். அகன்ற இடைவெளியுள்ள வண்டி சமவெளியில் ஓடி, மேட்டில் இடறுவது இதனால்தான். இடைவெளி மிகக் குறுகினாலும் தொல்லை. ஒரு சிறு கரித்துணுக்கு நடுவில் பாலம் போட்டுப் பொறியே இல்லாமல் செய்துவிடும்.

பீலர் கேஜின் தகட்டை நடுவே செலுத்தினால் அது லேசாக உரசிக்கொண்டு நழுவ வேண்டும். பக்கத்து மின்முனையை மட்டும் மெல்ல வளையுங்கள். நடு மின்முனையில் ஸ்குரூ டிரைவரை ஊன்றி நெம்பினால் பீங்கான் விண்டுபோகும். அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது. புதுப் பிளக்கையும் அளந்தே மாட்ட வேண்டும். தேய்ந்த பிளக்கில் மின்முனை குழிந்திருப்பதால் தட்டைத் தகடு பொய் சொல்லும். உருண்டைக் கம்பி அளவுகோலே சரி. மாட்டும்போது யந்திரம் ஆறியிருக்கட்டும். முதலில் விரலாலேயே திருகி, வாஷர் படிந்தபின், புது வாஷரானால் ஏறத்தாழ அரைச் சுற்று மட்டும் ஸ்பானரால் இறுக்குங்கள். அலுமினிய மரை பலவந்தத்தைப் பொறுக்காது.

தேர்ந்தெடுத்தது சரிதானா என்று அறிய, ஒரு மேட்டில் நன்றாக முறுக்கி ஓட்டி, அப்படியே இக்னீஷனை அணைத்துக் கிளட்சைப் பிடித்து ஓரமாக நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். சும்மா உறுமவிட்டுப் பிறகு பார்த்தால் நிறம் மாறிவிடும். பீங்கான் காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் நலம். கறுத்து ஈரமாயிருந்தால் முதலில் எண்ணெய் அளவையும் கார்புரேட்டரையும் பாருங்கள். வெளுத்துக் கொப்பளித்திருந்தால் அந்த இடத்தை விட்டு மேலே ஏற வேண்டாம்.

புதுப் பிஸ்டன் போட்டு அதே திம்பம் மலையில் மறுபடி ஏறினேன். வளைவுகள் முடிந்து உச்சியில் நிறுத்தி, துணியால் பிடித்துப் பிளக்கைக் கழற்றினேன். ஓரத்தில் சற்றே கறுப்பு. நடுவில் காப்பித்தூள் நிறம். அதே பிளக்கை மாட்டிக்கொண்டு ஆசனூர், சாமராஜநகர் வழியாக மைசூர் போய்ச் சேர்ந்தேன்.