சுவருக்குள் இருக்கும் ரப்பர்: வீட்டு ஒயரிங்கை மாற்றுமுன் போடவேண்டிய கணக்கு

(பினாங்கு வட்டார உறுப்பினர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேடையேறினால் சம்பளத்தைப் பற்றிப் பேசுவது நம் வழக்கம். இன்று நான் பேசப்போவதோ, அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் சுவருக்குள் போய் மறையும் ஒரு செலவைப் பற்றி. வாசலுக்குச் சாயம் அடித்தால் வருகிற விருந்தாளி பாராட்டுவார். ஒயரிங்கை மாற்றினால் எவர் கண்ணுக்கும் தெரியாது. அதனாலேயே இந்தச் செலவை நம்மவர்கள் அடுத்த தீபாவளி, அதற்கடுத்த தீபாவளி என்று தள்ளிக்கொண்டே போகிறார்கள்.

தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் பல ஜோர்ஜ் டவுனிலும் சுற்றுப்புறத்திலும் பழைய வீடுகளில் குடியிருக்கின்றன. சிலர் வாடகைக்கு இருக்கிறார்கள். சிலர் ஓய்வுக்காலப் பணத்தைப் போட்டு வாங்கியிருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு வயது என்ன என்பதை முதலில் விசாரியுங்கள். ஜோர்ஜ் டவுன் மின்சாரத்துக்குப் புதிய ஊரன்று. சுங்கை பினாங்கு மின்நிலையம் 1904-ஆம் ஆண்டிலேயே எழுந்துவிட்டது. நகராட்சியே நடத்திவந்த மின்சார இலாகா 1976-இல் தேசிய மின்சார வாரியத்தின் கைக்கு மாறியது. அந்த வாரியந்தான் 1990-இல் தெனாகா நேஷனல் ஆயிற்று. ஆகவே போருக்கு முன் கட்டிய ஒரு கடைவீட்டில் இரண்டு மூன்று தலைமுறை ஒயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கலாம்.

அவற்றுள் மூத்த தலைமுறை நமக்கு உறவு என்றே சொல்வேன். செம்புக் கம்பியின்மேல் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பரை உறையாகப் போட்டு, அதன்மேல் நூலுறையோ ஈய உறையோ இட்ட ஒயர் அது. நம் பாட்டனும் பாட்டியும் விடியற்காலையில் வெட்டிய பால், கப்பலேறிச் சீமைக்குப் போய், மின்சார ஒயராகத் திரும்பிவந்து இந்நகரத்துச் சுவர்களில் ஏறியது. கந்தகம் செம்பைக் கெடுக்கும் என்பதால் கம்பிக்கு வெள்ளீயம் பூசினார்கள். மலாயாவின் ரப்பரும் வெள்ளீயமும் ஒரே ஒயரில்! லயத்து வீட்டிலோ அப்போது மண்ணெண்ணெய் விளக்குத்தான்.

ரப்பரின் குணம் நமக்குத் தெரியாததா? வெயிலும் காற்றும் பட்டால் முதலில் இறுகும், பிறகு வெடிக்கும், கடைசியில் பொடியாக உதிரும். ஒயரிலும் அதுவே நடக்கிறது. 25, 30 ஆண்டுகளுக்குமேல் அந்த உறையை நம்புவதற்கில்லை. விளக்கின் சூடு படும் இடத்திலும் சுவிட்சுக்குள் வளைத்துத் திருகிய இடத்திலுந்தான் அது முதலில் உதிரும். "இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லை, ஒரு சுவிட்சை மாற்றினேன், அன்று பிடித்தது தொல்லை" என்று சொல்வார்கள். அதில் வியப்பில்லை. அசையாமல் கிடந்தவரை உறை தன் இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கை பட்டதும் விழுந்துவிட்டது. 1950-களிலும் 60-களிலும் பி.வி.சி. உறை போட்ட ஒயர் பரவியபின் ரப்பர் ஒயர் கடையிலிருந்து மறைந்தது. ஆனால் வீடுகளிலிருந்து எல்லாம் மறையவில்லை.

மறையாததற்கு ஒரு காரணம் பணம். பழைய வீடுகளின் வாடகையைச் சட்டம் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. ஏழைக் குடும்பங்கள் நகரத்தின் நடுவே வாழ முடிந்தது அதனால்தான். அதை நான் குறை கூறவில்லை. ஆனால் சொற்ப வாடகை வாங்கும் உரிமையாளர் ஒயரிங்குக்குச் செலவு செய்ய முன்வரவில்லை. வீடு தன்னுடையதல்ல என்பதால் குடியிருப்பவரும் செய்யவில்லை. அறைக்கு ஒரு குடும்பம் என்று வாழ்ந்த வீட்டில் ஒவ்வொரு குடும்பமும் பலகைச் சுவரில் ஆணியடித்து ஓர் ஒயரை இழுத்துக்கொண்டது. 2000 ஜனவரி முதல் நாளோடு அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. பலர் வீட்டைக் காலி செய்தார்கள். ஒயர் மட்டும் பல வீடுகளில் காலி செய்யவில்லை!

இனிக் கணக்குக்கு வருவோம். குத்தகையாளரைக் கூப்பிட்டு "என்ன ஆகும்?" என்று கேட்பது கடைசி வேலை. முதல் வேலை, ஒரு தாளில் வீட்டின் படத்தை வரைந்து புள்ளிகளைக் குறிப்பது. விளக்குக்கு ஒரு புள்ளி, விசிறிக்கு ஒரு புள்ளி, பிளக்குக்கு ஒரு புள்ளி. இந்தத் தொழிலில் விலை பெரும்பாலும் புள்ளிக் கணக்கில்தான் பேசப்படுகிறது. படத்தை ஆண்கள் மட்டும் உட்கார்ந்து வரையவேண்டாம். மாவரைக்கும் இயந்திரம் எங்கே நிற்கும், சோற்றுப்பானை எங்கே கொதிக்கும், சாமி மேடைக்கு விளக்கு எங்கே வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரியும். அவரைக் கேளாமல் குறித்த வீடுகளில்தான் ஒரு பிளக்கில் நாலு பிளக் தொங்குகிறது.

அப்படித் தொங்குவதன் கணக்கையும் பாருங்கள். நம் நாட்டில் மின்னழுத்தம் 230 வோல்ட். வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் வரும். 2,000 வாட் கேத்தல் 8.7 ஆம்பியர் இழுக்கும். 1,500 வாட் அடுப்பு 6.5. இரண்டையும் ஒரே பிளக்கில் சேர்த்தால் 15.2. அந்தப் பிளக் தாங்குவது 13. குளியலறையில் 3,600 வாட் சூடாக்கி வைத்தால் அது ஒன்றே ஏறத்தாழ 16 ஆம்பியர். நாலு விளக்கும் ஒரு ரேடியோவும் இருந்த காலத்துக்கு இழுத்த ஒயர் இதற்கு என்ன செய்யும்? சுடும். பியூஸ் போகும். பீங்கான் பியூஸில் ஒரு தடித்த கம்பியை முறுக்கிப் போட்டுவிட்டு "சரியாகிவிட்டது" என்பார் ஒரு கெட்டிக்காரர். அன்று முதல் அந்த வீட்டில் சுவருக்குள் இருக்கும் ஒயர்தான் பியூஸ்.

பியூஸ் ஒயரைக் காக்கும், மனிதனைக் காக்காது. 40 வாட் பல்பு இழுப்பது 174 மில்லி ஆம்பியர். அதைவிட மிகக் குறைந்த மின்சாரம் உடம்பில் ஓடினாலே உயிர் போகலாம். 5 ஆம்பியர் பியூஸுக்கு அது தெரியவே தெரியாது. ஆகையால் கசிவைக் கண்டு தானே துண்டிக்கும் கருவி வேண்டும். கையில் பிடித்துப் பயன்படுத்தும் பொருள்களுக்கு அது 30 மில்லி ஆம்பியருக்கு மேற்படக்கூடாது என்பது 1994-ஆம் ஆண்டு மின்சார விதிகளில் உள்ளது. ஈரத்தரை உள்ள இடத்துக்கு 10. பழைய பெட்டியில் 100 என்று எழுதிய கருவி ஒன்று மட்டும் இருந்தால், இருக்கிறதே என்று திருப்தியடையவேண்டாம்.

இன்னொன்று நில இணைப்பு. பழைய வீடுகள் சிலவற்றில் அதைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். இரும்புக் குழாய் மண்ணுக்குள் போனவரை அது வேலை செய்தது. பிறகு குழாய்க்காரர் வந்து பிளாஸ்டிக் குழாய் போட்டுவிட்டுப் போனார். அன்றோடு நில இணைப்பும் போயிற்று. வீட்டில் எவருக்கும் தெரியாது.

இப்போது ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தொகைகள் உதாரணத்துக்குத்தான், இன்றைய விலை என்று எண்ணவேண்டாம். கையில் 8,000 வெள்ளி. குத்தகையாளர் சொன்னது 11,000. என்ன செய்வது? "விலையைக் குறை" என்று நெருக்கினால் அவர் குறைப்பார். எங்கே குறைப்பார்? கண்ணுக்குத் தெரியாத இடத்தில்: மெல்லிய ஒயர், சோதிக்காத இணைப்பு, நிலக்கம்பி இல்லாத பிளக். நான் சொல்லும் வழி, வேலையின் தரத்தைக் குறைக்காமல் வேலையைப் பிரிப்பது. 8,000-இல் 1,600-ஐ எடுத்துத் தனியே வையுங்கள். ஐந்தில் ஒரு பங்கு. சுவரைத் திறந்தபின்தான் கறையான் தின்ற பலகையும் ஒழுகும் குழாயும் தெரியவரும். மிச்சம் 6,400. அதில் முதலில் மெயின் பெட்டி, கசிவுக் கருவி, நில இணைப்பு, பிறகு சமையலறையும் குளியலறையும். மாடி விளக்குகளும் விசிறிகளும் அடுத்த வருஷப் போனசுக்குக் காத்திருக்கலாம்.

ஆனால் காத்திருக்கும் பழைய ஒயரைச் சோதிக்காமல் புதுப் பெட்டியில் கட்டக்கூடாது. 500 வோல்ட் மெகர் கருவியால் பார்த்து, உறையின் தடை 1 மெகா ஓமுக்குக் கீழிருந்தால் அந்த வழியைத் துண்டித்தே வைக்கவேண்டும். அதைச் செய்யாவிட்டால் புதுக் கருவி நாளுக்குப் பத்துத் தரம் விழும். "புதுச்சாமான் மட்டம்" என்று வீட்டில் சண்டை வரும். கருவி மட்டமன்று. ஒயர் கசிவதை அது சொல்கிறது.

பணத்துக்குக் கூட்டுப் பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. தலைவி ஓடிவிட்டால் முறையிட வழியில்லாமல் தவிப்பீர்கள். முறையான கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கிடைக்குமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

விலை கேட்கும்போது ஒரே புள்ளிப் பட்டியலை மூவரிடம் கொடுங்கள். பட்டியல் வேறானால் விலையை ஒப்பிட முடியாது. ஒயரின் தடிமனை எழுதி வாங்குங்கள். விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், பிளக்குக்கு 2.5, சூடாக்கிக்கு வழக்கமாக 4. சுவரைப் பூசித் தருவது யார், சாயம் யார் என்பதையும் எழுதவேண்டும். பழைய செம்பு யாருக்கு என்பதையும் பேசிவிடுங்கள்! பழைய செம்புக்கு நல்ல விலை உண்டு.

கடைவீடுகள் குறுகலாகவும் நீளமாகவும் இருப்பவை. முன்வாசலில் உள்ள மெயினிலிருந்து பின்கட்டுச் சமையலறைக்கு ஒயர் வெகுதூரம் போகவேண்டும். புள்ளி குறைவாக இருந்தாலும் விலை ஏறும். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பகுதிக்குள் உங்கள் வீடு இருந்தால், சுவரில் கை வைக்குமுன் மாநகர் மன்றத்தில் கேட்டுவிடுங்கள். அந்தச் சுவர்கள் சுண்ணாம்புப் பூச்சு. வெட்டிய காடியைச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் வெளியேற வழியின்றிப் பக்கத்துப் பூச்சு உதிரும். வெளியே குழாய் வைத்து ஒயர் இழுப்பது பார்வைக்குச் சற்றுக் குறைவு. செலவுக்கும் சுவருக்கும் நல்லது.

பாடாங் தெம்பாக் அடுக்குமாடியில் இருப்போருக்கும் இதுவே. அவை 1969-இல் முடிந்தவை, முன்கூட்டி வார்த்த காங்கிரீட் பலகைகளால் நிறுத்தியவை. அந்தப் பலகைதான் மேல்மாடியைத் தாங்குகிறது. காடி வெட்டுகிறேன் என்று வருபவரை வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.

வாடகைக்கு இருப்போர் கேட்பார்கள்: "நான் ஏன் செலவழிக்கவேண்டும்?" நியாயமான கேள்வி. சுவருக்குள் போவது உரிமையாளரின் சொத்து. அதை அவர் செய்வதே முறை. அவர் மறுத்து, நீங்கள் செய்தே தீரவேண்டுமென்றால், எவ்வளவு தொகை, எத்தனை மாத வாடகையில் கழியும் என்பதைக் கையெழுத்தோடு எழுதி வாங்கியபின் தொடங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

கடைசியாக ஆள். எரிசக்தி ஆணையத்தில் பதிந்த மின் குத்தகையாளராக இருக்கவேண்டும். ஒயர்மேனுக்குத் தகுதிச் சான்றிதழ் இருக்கவேண்டும்; ஒரு ஃபேஸா மூன்று ஃபேஸா என்பதையும் அதில் பாருங்கள். மச்சான் வேலை தெரிந்தவர்தான், ஆனால் அவரால் இரண்டு தாள்களைத் தரமுடியாது. ஒன்று, வேலையை மேற்பார்த்து முடித்ததற்கான ஜி பாரம். மற்றது, சோதித்ததற்கான ஹெச் பாரம். பணத்தை வேலை நடக்கநடக்கப் பிரித்துக் கொடுங்கள். கடைசிப் பங்கை இந்த இரண்டும் கைக்கு வந்தபின் கொடுங்கள். நீங்கள் வரைந்த படத்தில் எந்தச் சுவிட்ச் எந்த அறைக்கு என்று எழுதி, மெயின் பெட்டியின் கதவுக்குள் ஒட்டுங்கள். பாரங்களை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். கசிவுக் கருவியில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பாருங்கள். விழுந்தால் நல்லது. விழாவிட்டால் அன்றே ஆளைக் கூப்பிடுங்கள்.

படம் வரைய யாருக்கேனும் உதவி தேவைப்பட்டால் கூட்டம் முடிந்ததும் தாளோடு வாருங்கள்; சேர்ந்து வரைவோம்.