உயிரணுவின் வாயில்களும் புற்றுநோயும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனாகிய யான் மருத்துவப் பொருள்பற்றிப் பேசத் துணிந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. என் தமக்கையார் தம் மார்பிற் கண்ட கட்டியை, தம் பெண்மக்களின் மணம் தடைப்படுமென்றஞ்சி, ஓராண்டு மறைத்தார். அவர் காலஞ்சென்றபின் இந்நோயின் இயல்பு யாதென அறிய முயன்றேன்; அறிந்தவற்றுட் சிலவற்றை நும்முன் வைக்கின்றேன்.

நம் உடல் எண்ணிறந்த உயிரணுக்களால் ஆயது. ஒவ்வோர் அணுவையும் மெல்லிய சவ்வொன்று மதில்போற் சூழ்ந்துள்ளது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரை 2,00,000 கூறிட்டால் ஏறக்குறைய அவற்றுள் ஒரு கூறேயாம். அம்மதிலில் புரதத்தாலாய வாயில்கள் பல உள. சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகியவற்றின் மின்னேற்றமுற்ற துகள்கள் அவற்றின் வழியே புகுவதும் வெளியேறுவதும் செய்யும். எர்வின் நேயர், பெர்ட் சாக்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர் 1976-இல் ஒற்றை வாயிலின் வழிச்செல்லும் மின்னோட்டத்தை அளந்து காட்டினர். அதன்பொருட்டு 1991-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

இவ்வாயில்கள் துகள் செல்லும் வழிகள் மாத்திரமல்ல. செய்தி செல்லும் வழிகளுமாம். கால்சியம் உட்புகும் அளவையும் காலத்தையும் பொறுத்து, பெருகுக, நகர்க, மடிக என்னும் ஆணைகள் அணுவினுள் எழும். புற்றணுவிலோ இவ்வொழுங்கு குலைகின்றது. மார்பகப் புற்றணுக்கள் சிலவற்றில், இதயத்திற்குரிய சோடிய வாயிலொன்று தோன்றி, அவை அண்டைத் திசுவுட் புகுந்து பரவத் துணைசெய்தலை ஆய்வாளர் கண்டுள்ளனர். ஹெர்க் என்னும் பொட்டாசிய வாயிலும் பலவகைப் புற்றுகளில் மிகுந்து காணப்படுகின்றது.

அவ்வாயிலை அடைத்துவிடலாகாதோ எனின், அங்கேதான் இடர் உளது. ஹெர்க் வாயிலே இதயத் துடிப்பின் ஒழுங்கிற்கும் வேண்டப்படுவது. அதனை அடைக்கும் மருந்து துடிப்பைக் குலைத்து உயிருக்கே கேடு செய்யக்கூடும். கள்வனைத் தடுக்க ஊர்க்கதவையெல்லாம் பூட்டிவிடின் ஊரார் யாங்ஙனம் உய்வர்? ஆதலின், நல்லணுவிற்கு ஊறின்றிப் புற்றணுவின் வாயிலை மாத்திரம் அடைக்கும் உபாயத்தை அறிஞர் தேடிவருகின்றனர்.

அன்பர்களே! அணுவின் வாயில்களிலும் ஆணைகளிலும் நேரும் பிழை எவ்வாற்றானும் நோயுற்றார்க்குப் பழியாகாது. இந்நோய் தொட்டால் ஒட்டுவதுமன்று. கட்டி தோன்றினால் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டுமின். நோயுள்ள வீடென்று பெண்கொள்ள மறுக்கும் வழக்கத்தை நம்மவர் இன்றே விடுமின். அணுவின் வாயிலை அறிஞர் ஆராய்க. நம் வாயைத் திறத்தல் நம் கடன். என் தமக்கையார் அன்று வாய்திறக்க நாங்கள் இடங்கொடுத்திலேம்.