கவர்னரும் கொத்தனாரும்

ஷார்ஜா ரோலாவில் என் அறையிலிருந்து பேசுகிறேன். இரவு டூட்டி முடித்து வந்திருக்கிறேன். குரல் தளர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டவர் மாஹே தெ லா பூர்தொனே. 1699இல் பிரான்சின் சேன் மாலோ துறைமுகத்தில் பிறந்தவர். பிரெஞ்சுக் கம்பெனியில் கப்பல் கேப்டனாக இருந்து, 1735இல் மொரீஷியஸுக்கு கவர்னராகப் போனார். 1746இல் கப்பற்படையோடு வந்து ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்தவரும் இவர்தான். அந்த நாட்களை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் படிக்கலாம். பிறகு துய்ப்ளெக்ஸோடு தகராறு. பிரான்ஸ் திரும்பியதும் பஸ்தீய் சிறை. 1751இல் குற்றமற்றவர் என்று விடுதலை. 1753இல் மரணம்.

நர்ஸ் என்பதால் என் கண்ணில் முதலில் பட்டது, போர்ட் லூயியில் அவர் கட்டிய ஆஸ்பத்திரி. ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரக் கால்வாயும் கட்டினார். சுத்தமான தண்ணீர் இல்லாத வார்டில் எந்த மருந்தும் பாதிதான் வேலை செய்யும்.

இந்தக் கட்டடங்களுக்குக் கல் சுமந்தது யார்? புதுச்சேரியிலிருந்து கப்பலேறிய தமிழ்க் கொத்தர்கள், தச்சர்கள். கூடவே ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகள். லா பூர்தொனே அடிமை வியாபாரத்தில் ஈடுபட்டவர். தப்பியோடியவர்களைப் பிடிக்க ஆள் அனுப்பியவர். ஆஸ்பத்திரியைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

போர்ட் லூயி துறைமுகத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. அந்தக் கொத்தர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

போன மாதம் என் வார்டில் ஒரு கொத்தனார் இருந்தார், கை முறிவு. நான் ரோலாவில் இருக்கிறேன் என்றதும், "உங்க ரூமுக்குப் பக்கத்து பில்டிங் பூச்சு வேலை நாங்க பாத்ததுதான் சிஸ்டர்" என்றார். ஐந்து நாளாக அவரை நான் 'பதினாலாம் பெட்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

நெகேமியா 3ஆம் அதிகாரத்தில், எருசலேம் மதிலின் எந்தப் பகுதியை யார் கட்டினார் என்று வரிசையாகப் பெயர் வரும். சிறுவயதில் அதைத் தாண்டிவிட்டுப் படிப்பேன். இப்போது தாண்டுவதில்லை.

மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் இன்றும் தமிழ் எழுத்து இருக்கிறது. அந்தக் கொத்தர்களுக்கும், பின்னால் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. நீங்கள் குடியிருக்கும் கட்டடத்தைக் கட்டிய ஒருவரையாவது சந்தித்தால், பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள்.

பதினாலாம் பெட்காரரின் பெயர் என் நோட்டில் இருக்கிறது.