மல்லிகை நாற்றில் செஞ்சிலந்திப் பேன்

(உழவர் பயிற்சியில் ஆற்றிய உரை)



இராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம் என்றாலே மல்லிகை நாற்றுதான் நினைவுக்கு வரும். மணற்பாங்கான நிலத்தில் குச்சிகளை நெருக்கமாக ஊன்றி, வேர்விட்டதும் கட்டுக்கட்டாகப் பல மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் அனுப்புகிறீர்கள். கோடையில் அந்தக் கட்டோடு செஞ்சிலந்திப் பேனும் சேர்ந்து போகக்கூடும். போய்ச் சேர்ந்த தோட்டத்தில் அது பெருகினால், நட்டவருக்கு நட்டம். உங்கள் ஊருக்குக் கெட்ட பெயர்.

இது பூச்சியினம் அன்று. எட்டுக் கால் கொண்ட சிலந்தியின் உறவு. இலையின் அடிப்பக்கத்தில் நூலாம்படை பின்னி, அதனுள் இருந்து சாற்றை உறிஞ்சும். முதலில் இலையின் மேற்புறத்தில் ஊசி குத்தியது போல வெளிர் புள்ளிகள் தோன்றும். பின்னர் இலை பழுத்துக் காய்ந்து உதிரும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளின் மேல் இலையைத் தட்டிப் பாருங்கள். மிளகாய்ப் பொடி போன்ற புள்ளிகள் நகர்ந்தால் அது பேன்தான்.

வெயிலும் வறட்சியும் இதற்கு ஏற்றவை. வெப்பமான நாட்களில் முட்டை சுமார் 10 நாட்களில் வளர்ந்த பேனாகிவிடும். காற்றில் மிதந்தும், ஆட்களின் துணியில் ஒட்டியும் பரவும்.

பலரும் உடனே சைபர்மெத்ரின் போன்ற பூச்சிமருந்தைத் தெளிக்கிறார்கள். அதனால் பேன் ஒழிவதில்லை. பேனைத் தின்னும் சிறு கரும்பொறிவண்டுகள்தாம் மடிகின்றன. பகைவன் இல்லாத இடத்தில் பேன் முன்னிலும் அதிகமாகப் பெருகும்.

என்ன செய்யலாம்? பாதித்த இலைகளைக் கிள்ளி எரித்துவிடுங்கள். நல்ல தண்ணீரைக் கைத்தெளிப்பான் மூலம் இலையின் அடிப்பக்கம் படும்படி வேகமாக அடியுங்கள். உப்புத் தண்ணீர் கூடாது, இலை கருகும். வீட்டுத் தொட்டியில் உள்ள நாலைந்து செடிகளுக்கு, வாரம் இருமுறை இப்படிக் கழுவினாலே பெரும்பாலும் போதும்.

நாற்றங்காலில் தாக்குதல் மிகுந்தால், 50 சத நனையும் கந்தகத்தூளை லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் வீதம் கலந்து, இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் 10 நாட்களில் மீண்டும் பார்த்து, தேவையானால் மறுமுறை தெளியுங்கள். உச்சிவெயிலில் தெளிக்காதீர்கள், மாலையில் தெளியுங்கள். வேப்பெண்ணெய் தெளித்திருந்தால் 2 வாரம் கழிந்த பிறகே கந்தகம் தெளிக்க வேண்டும். இல்லாவிடில் இலை தீய்ந்துவிடும்.

பேன் தென்பட்ட பாத்தியில் கடைசியாக வேலை செய்யுங்கள். அங்கிருந்து நல்ல பாத்திக்குப் போகாதீர்கள். அந்தச் செடியில் நடவுக்குக் குச்சி வெட்டவும் வேண்டாம். நாற்றைக் கட்டும் முன் பாத்திக்குப் பத்துச் செடிகளிலாவது இலையைத் திருப்பிப் பாருங்கள். வாங்கி நடுபவர்களும் அவ்வாறே பார்த்து வாங்குங்கள். காசு செலவில்லாத இந்த வேலைதான் மற்ற எல்லா மருந்துச் செலவையும் குறைக்கும்.